எஃப் கார்ட் பிடிக்க முடியவில்லை: வீட்டிலேயே ஆக்‌ஷன் குறைக்கலாமா?

பழங்காநத்தத்தான் | திங்கள், இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கோவிலில் கிறிஸ்துமஸ் பாடகர் குழுவுக்கு வாசிக்க வேண்டும் என்று ஜூனில் இருந்து கிட்டார் கற்றுக்கொள்கிறாள். தெரிந்தவரிடம் வாங்கிய பழைய அக்கூஸ்டிக். கம்பி ஸ்ட்ரிங்தான், நைலான் இல்லை. சி, ஜி, ஏ மைனர் எல்லாம் வந்துவிட்டது. எஃப் கார்டில் மாட்டிக்கொண்டாள், ஒரே விரலால் ஆறு ஸ்ட்ரிங்கையும் குறுக்கே அழுத்திப் பிடிக்க வேண்டிய பாரே கார்ட் அது. விரல் நுனியில் பள்ளம் விழுகிறது, சத்தம் வரமாட்டேன் என்கிறது. கற்றுக்கொடுக்கும் சார் கிட்டாரை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஸ்ட்ரிங் ரொம்ப உயரம், ஆக்‌ஷன் இறக்குங்கள்" என்று சொன்னார். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளுக்கு (ஃப்ரெட்) மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரம்தான் ஆக்‌ஷனாம். ஒரு கடையில் காட்டினேன். இதற்குச் செலவு செய்வதைவிடப் புதிது வாங்குங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

நான் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். வெர்னியர், ஃபீலர் கேஜ், ஆலன் கீ செட் எல்லாம் கையில் இருக்கிறது. மர வேலை மட்டும் பழக்கமில்லை. எங்கே கைவைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று சொன்னால் நானே செய்துவிடுவேன். டிசம்பர் நெருங்குகிறது.

மேடைக்கிட்டார் | திங்கள், இரவு 9.35

அண்ணே, சவுண்ட் ஹோலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கழுத்துப் பக்கம் ஆலன் கீ போடும் ஓட்டை தெரியும். அதுதான் ட்ரஸ் ராட், கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பி. கடிகாரம் சுற்றும் திசையில் இறுக்கினால் ஸ்ட்ரிங் இறங்கும். மெல்லிசைக் குழுவில் நாங்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். அடியில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் சேடில் பட்டையைத் தேய்க்கும் அளவுக்குப் போகவே தேவையிருக்காது.

ஏழாவதுஃப்ரெட் | திங்கள், இரவு 10.20

அண்ணே, இன்றைக்கு எதையும் திருக வேண்டாம். முதலில் அளந்துவிடுங்கள்.

ட்ரஸ் ராட் இருப்பது கழுத்தின் வளைவைச் சரிசெய்ய. அதைத் திருகும்போது ஆக்‌ஷனும் கொஞ்சம் மாறும், உண்மைதான். ஆனால் ஆக்‌ஷனுக்காக என்று அதை இறுக்கிக்கொண்டே போனால் கழுத்து பின்பக்கம் வளைந்து, முதல் நாலைந்து ஃப்ரெட்டில் எங்கே தொட்டாலும் கிர்ரென்று இரையும். இன்னும் இறுக்கினால் ராடின் மரையே போய்விடும். அப்புறம் அந்தக் கழுத்தைக் கடைக்காரராலும் காப்பாற்ற முடியாது.

ஸ்ட்ரிங்கின் உயரத்தை மூன்று இடங்கள் முடிவு செய்கின்றன: தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகள் உட்காரும் பட்டையான நட், நடுவே கழுத்தின் வளைவு, அடியில் பிரிட்ஜ் என்ற கட்டையின் பள்ளத்தில் நிற்கும் சேடில். மூன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஃபீலர் கேஜ் இருப்பதால் உங்களுக்கு வேலை சுலபம். டேப்பட் இடைவெளி பார்க்கிற அதே பட்டைகள் போதும். சரியாக ஸ்ருதி சேர்த்த பிறகு அளங்கள், கிட்டாரை மடியில் வாசிக்கிற நிலையில் வைத்துக்கொண்டு.

12ஆவது ஃப்ரெட்டின் மேல்விளிம்பில் இருந்து ஸ்ட்ரிங்கின் அடிப்பாகம் வரை எவ்வளவு? ஆறாவது ஸ்ட்ரிங் (தடித்தது), முதல் ஸ்ட்ரிங் (மெல்லியது) இரண்டுக்கும் பாருங்கள்.

அடுத்தது வளைவு. ஆறாவது ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் (பெரும்பாலும் 14ஆவது ஃப்ரெட்) ஒரே நேரத்தில் அழுத்துங்கள். அப்போது ஸ்ட்ரிங்கே ஒரு நேர்க்கோடாகிவிடும். ஏழாவது ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி? இதற்கு மகள் துணைக்கு வேண்டும்.

கடைசியாக நட். மூன்றாவது ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேலே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஆறு ஸ்ட்ரிங்குக்கும் வேண்டும்.

இவற்றோடு, சேடில் பிரிட்ஜுக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, பிரிட்ஜின் பின் ஓரத்துக்கு அடியில் ஒரு தாள் நுழைகிறதா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். தாள் நுழைந்தால் பிரிட்ஜ் கிளம்புகிறது என்று அர்த்தம். அப்படியானால் அதை ஒட்டாமல் வேறெந்த வேலையும் தொடக் கூடாது.

பழங்காநத்தத்தான் | செவ்வாய், இரவு 8.45

அளந்துவிட்டேன்.

12ஆவது ஃப்ரெட்டில் ஆறாவது ஸ்ட்ரிங் 3.6 மி.மீ., முதல் ஸ்ட்ரிங் 2.9. வளைவு 0.45. நட் பக்கம் ஆறாவதில் 0.35, முதலாவதில் 0.25, நடுவில் இருப்பவை இந்த இரண்டுக்கும் இடையில். சேடில் வெளியே 4.5 மி.மீ. நிற்கிறது. பிரிட்ஜின் அடியில் தாள் நுழையவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். அதே எஃப் பிடியை மேலே ஏற்றி ஐந்தாவது ஃப்ரெட்டில் பிடித்தால், கஷ்டப்பட்டாலும் அவளுக்குச் சத்தம் வருகிறது. முதல் ஃப்ரெட்டில்தான் சுத்தமாக முடியவில்லை.

ஏழாவதுஃப்ரெட் | செவ்வாய், இரவு 10.05

கடைசியாகச் சொன்னீர்கள் பாருங்கள், அதில்தான் விடை இருக்கிறது. ஐந்தாவதில் வருவது முதலாவதில் வரவில்லை என்றால் முதல் குற்றவாளி நட். நட் உயரமாக இருந்தால் முதல் ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை ரொம்ப தூரம் கீழே இழுக்க வேண்டும். கை வலிப்பதோடு ஸ்ருதியும் ஏறும். ஓப்பன் ஸ்ட்ரிங்குகள் (விரல் வைக்காதவை) சுத்தமாகச் சேர்ந்திருந்தும் எஃப் மட்டும் அபஸ்வரமாகக் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சந்தேகமிருந்தால் முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லா ஸ்ட்ரிங்கையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, அதற்கு மேல் ஒரு பாரே கார்ட் பிடிக்கச் சொல்லுங்கள். சட்டென்று சுலபமாகிவிட்டால் நட்தான்.

இப்போது உங்கள் எண்கள். ஸ்டீல் ஸ்ட்ரிங் அக்கூஸ்டிக்குக்கு 12ஆவது ஃப்ரெட்டில் ஆறாவது சுமார் 2.4 முதல் 2.8 வரை, முதலாவது 1.6 முதல் 2.1 வரை இருந்தால் போதும். வளைவு 0.1 முதல் 0.25க்குள். நட் பக்க இடைவெளி ஆறாவதில் 0.15 அளவில், முதலாவதில் தொட்டும் தொடாமலும்.

ஒரு கணக்கை மனதில் வையுங்கள். 12ஆவது ஃப்ரெட் ஸ்ட்ரிங்கின் சரிபாதியில் இருக்கிறது. அதனால் சேடிலில் 1 மி.மீ. குறைத்தால் 12இல் அரை மி.மீ.தான் இறங்கும். நட்டுக்கும் அதே பாதிக் கணக்குதான்: நட்டை 0.4 இறக்கினால் 12இல் 0.2 இறங்கும்.

இதைப் பார்க்காமல் முதல் நாளே 3.6ஐ 2.8ஆக்க வேண்டும் என்று சேடிலில் 1.6 மி.மீ. தேய்த்திருந்தால் என்ன ஆகும்? பிறகு ராடைச் சரிசெய்யும்போது 0.2, நட்டைச் சரிசெய்யும்போது இன்னொரு 0.2 தானாகவே இறங்கி 2.4இல் நிற்கும். வெயில் காலத்தில் அதற்கும் கீழே போகும். சேடில் வாங்கி மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஆகவே ராட் முதலில், நட் இரண்டாவது, சேடில் கடைசி. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

உங்களுக்கு 0.45 வளைவு அதிகம்தான், ஆகவே ராடைத் தொடலாம். ஸ்ட்ரிங்கைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்குங்கள், மறுபடி ஸ்ருதி சேர்த்து அளங்கள். 0.2 வந்தால் நிறுத்திவிடுங்கள். ஒரு இரவு விட்டு மறுநாளும் பாருங்கள், மரம் மெதுவாகத்தான் நகரும். இறுக்கமாக இருந்து திரும்ப மறுத்தால் வம்பு செய்யாதீர்கள்.

வீணைவீட்டுப்பெண் | புதன், காலை 6.50

நட் வேலை பற்றி நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் வீணை, தம்புரா பழுது பார்ப்பது தலைமுறைத் தொழில். நான் கிட்டாரும் பார்க்கிறேன்.

வீணையில் 24 மெட்டுகளும் (அதன் ஃப்ரெட்கள்) மெழுகில் உட்கார்ந்திருக்கும். கம்பி எங்கே உயரம், எங்கே தட்டுகிறது என்று கேட்டு, மெழுகை இளக்கி மெட்டையே ஏற்றி இறக்கிவிடலாம். கிட்டாரில் ஃப்ரெட் மரத்தில் அடித்து இறக்கப்பட்டது, அசைக்க முடியாது. அதனால் கம்பியின் இரண்டு முனைகளிலும் செய்கிற வேலை துல்லியமாக இருக்க வேண்டும்.

நட்டில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் ஒரு காடி, அதாவது அது உட்காரும் பள்ளம். அதை ஆழப்படுத்துவது ஒரு வழி. இதற்கென்று உள்ள அரங்கள் விலை அதிகம். கேஸ் வெல்டிங் டிப் கிளீனர் செட் உங்கள் ஒர்க்‌ஷாப் பக்கமே கிடைக்கும், அந்தக் கம்பிகளை அரமாகப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். காடியின் அகலம் ஸ்ட்ரிங்கின் தடிமனுக்கு ஒரு மயிரிழை கூடுதலாக இருக்க வேண்டும். 12 கேஜ் செட்டில் (கேஜ் என்பது ஸ்ட்ரிங்கின் தடிமன் எண், எண் குறைந்தால் கம்பி மெல்லிசு) முதலாவது 0.3 மி.மீ., ஆறாவது 1.35 மி.மீ. காடி இறுக்கமாக இருந்தால் ஸ்ருதி சேர்க்கும்போது டிக் டிக்கென்று தாவும்.

அதைவிட முக்கியம் காடியின் சாய்வு. ஃப்ரெட் பக்க விளிம்பு உயரமாகவும், தலைப்பக்கம் சரிந்தும் இருக்க வேண்டும். ஸ்ட்ரிங் அந்த விளிம்பில் சுத்தமாக எழும்ப வேண்டும். காடி தட்டையாகவோ தலைகீழ்ச் சரிவாகவோ இருந்தால் கம்பி அதன்மேல் படுத்துப் புரண்டு கிர்ரென்று அதிரும். தம்புராவில் அந்த அதிர்வுக்காகவே பிரிட்ஜில் கம்பிக்கு அடியில் நூல் வைத்து ஜீவா சேர்ப்போம். கிட்டாருக்கு அது ஆகாது.

ஆனால் உங்கள் அளவுகளைப் பார்த்தால் காடியைத் தொடவே வேண்டாம் என்று தோன்றுகிறது. ஆறாவதிலும் 0.2 இறங்க வேண்டும், முதலாவதிலும் 0.2. நடுவில் உள்ளவையும் அப்படியே என்றால் எல்லாம் ஒரே அளவு உயரம். அப்படியானால் நட்டைக் கழற்றி அடியைத் தேய்த்துவிடலாம். பாதிக் கணக்குப்படி 0.4 தேய்க்க வேண்டும், நீங்கள் 0.3இல் நிறுத்திப் போட்டுப் பாருங்கள். கழற்றும்முன் நட்டின் ஓரமாக வார்னிஷை பிளேடால் கீறிவிடுங்கள், இல்லையென்றால் வார்னிஷ் பெயர்ந்துகொண்டு வரும். ஒரு மரத்துண்டை அண்டக் கொடுத்து லேசாகத் தட்டினால் பசை விட்டுவிடும். திரும்ப வைக்கும்போது ஒரு சொட்டுப் பசை போதும், ஸ்ட்ரிங்கின் இழுவையே அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஏதாவது ஒரு காடி ஆழமாகப் போய்விட்டால் அதில் கொஞ்சம் சமையல் சோடா தூவி ஃபெவிக்விக் விட்டால் கல்லாக இறுகும். அதன்மேல் மறுபடி காடி வெட்டலாம்.

மேலூர்க்காரன் | புதன், பிற்பகல் 1.30

சேடில் தேய்ப்பது ஆசாரி வேலை, அதை நான் சொல்கிறேன்.

முதல் காரியம்: கிட்டாரோடு வந்த சேடிலைத் தொடாதீர்கள். அதே நீளம், அகலம் உள்ள எலும்புச் சேடில் ஒன்று வாங்குங்கள். விலை பெரிதில்லை. பழையது பத்திரமாக இருந்தால் எது தவறினாலும் அன்று மாலையே கிட்டார் பழைய நிலைக்கு வந்துவிடும்.

மேல்பக்கத்தைத் தேய்க்கக் கூடாது. அதில் ஃப்ரெட்போர்டின் வளைவுக்கு ஏற்ற வளைவு இருக்கிறது, இரண்டாவது ஸ்ட்ரிங்குக்கு மட்டும் முனை சற்றுப் பின்தள்ளி வெட்டியிருப்பார்கள். ஸ்ருதிக்காகச் செய்தது அது. புதிய சேடில் வாங்கும்போதும் அப்படி வெட்டியதாகப் பார்த்து வாங்குங்கள். அடியில்தான் தேய்க்க வேண்டும்.

அடி முழுத் தட்டையாக வரவேண்டும். மரப்பலகைமேல் தேய்த்தால் வராது, பலகையே தட்டையாக இருக்காது. எங்கள் ஊரில் பாலிஷ் போட்ட கிரானைட் வெட்டுத்துண்டு எங்கும் கிடக்கும். மதுரையில் உங்கள் வீட்டு அடுப்பு மேடையே போதும். அதன்மேல் 120 நம்பர் உப்புத்தாளை இரண்டு பக்க டேப் போட்டு ஒட்டுங்கள். மூலைமட்டத்தின் கட்டையையோ ஒரு நேரான மரக்கட்டையையோ அணைத்துக்கொண்டு சேடிலைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரே திசையில் இழுங்கள். முன்னும் பின்னும் ஆட்டினால் அடி தொட்டில் மாதிரி உருண்டுவிடும். விரல் அழுத்தம் எந்த முனையில் அதிகமோ அந்த முனை சீக்கிரம் தேயும், அதனால் நாலு இழுப்புக்கு ஒருமுறை முனையைத் திருப்பிப் பிடியுங்கள். பென்சிலில் கோடு போட்டு, கோட்டுக்குச் சற்று முன்பே நின்று, 240இல் முடியுங்கள். எலும்புத் தூசி மூச்சில் போகக் கூடாது, மாஸ்க் போடுங்கள்.

முடித்ததும் கிரானைட் மேல் நிறுத்தி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே குனிந்து பாருங்கள். அடியில் எங்கும் வெளிச்சம் கசியக் கூடாது. சேடில் பள்ளத்தில் கையால் அழுத்தினால் இறங்க வேண்டும், கிட்டாரைக் கவிழ்த்தால் விழக் கூடாது. பிரிட்ஜுக்கு மேலே குறைந்தது 2.5 முதல் 3 மி.மீ. நிற்கட்டும். அதற்கும் கீழே போனால் ஸ்ட்ரிங் சேடிலை அழுத்தும் கோணம் குறைந்து சத்தம் சப்பென்று ஆகிவிடும்.

மேடைக்கிட்டார் | புதன், இரவு 11.50

கச்சேரி முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். மேலூர் அண்ணன் சொன்ன வெளிச்சச் சோதனையை பிக்கப் உள்ள கிட்டார் வைத்திருப்பவர்கள் கட்டாயம் செய்ய வேண்டும். சேடிலுக்கு அடியில் பியெஸோ பட்டை (அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புவது) இருந்தால், அடி கொஞ்சம் தட்டை தப்பினாலும் ஒரு ஸ்ட்ரிங் பாக்ஸில் அலறும், பக்கத்து ஸ்ட்ரிங் கேட்கவே கேட்காது.

ட்ரஸ் ராட் விஷயத்தில் நான் சொன்னதையே திரும்பச் சொல்கிறேன். என் கைக்கு வரும் கிட்டார்களில் பாதி, வளைவைச் சரிசெய்தாலே வாசிக்க வந்துவிடுகின்றன. இவருக்கும் 0.45 இருந்திருக்கிறது. முதலில் ராடைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் வாசிக்கவிட்டு, அப்புறம் மற்றதைப் பாருங்கள். இன்னொரு யோசனை: இப்போது போட்டிருப்பது 12 கேஜ் என்றால் 10 அல்லது 11 செட் மாற்றுங்கள். 12 செட் கழுத்தைச் சுமார் 70 கிலோவுக்கு மேல் இழுக்கிறது. 10 போட்டால் இழுவையும் குறையும், பிள்ளையின் விரலும் பிழைக்கும். கேஜ் மாற்றினால் வளைவும் மாறும், அதனால் ஸ்ட்ரிங்கை மாற்றிய பிறகு அளங்கள்.

ஏழாவதுஃப்ரெட் | வியாழன், காலை 7.15

கேஜ் யோசனை மிக நல்லது. அதையே முதலில் செய்யுங்கள். ஒரு வாரம் பொறுப்பதிலும் எனக்கு மறுப்பில்லை.

இதுவரை யாரும் தொடாதது மழை. இது நவம்பர். ஐப்பசியில் இருந்து காற்றில் ஈரம். என் அறையில் ஈரமானி மழை நாட்களில் 75க்கு மேல் காட்டுகிறது, சித்திரைத் திருவிழா சமயத்தில் பிற்பகலில் 35க்கும் கீழே போகிறது. கிட்டாருக்கு உகந்தது 45 முதல் 55 வரை. ஈரத்தில் மேல்பலகை ஊதிப் பிரிட்ஜைத் தூக்கும், ஆக்‌ஷன் ஏறும். கோடையில் பலகை சுருங்கி உள்வாங்கும், ஆக்‌ஷன் தானாக இறங்கும். மழைக்காலத்து அளவை வைத்து 2.4க்குத் தேய்த்தவர்கள் மே மாதம் இரைச்சலோடு வருவார்கள். அதனால் இப்போதைக்கு 2.8, 2.1 என்று நிறுத்துங்கள். கோடையில் பார்த்துவிட்டு வேண்டுமானால் இன்னும் இறக்கலாம். தேய்த்ததைத் திரும்ப வளர்க்க முடியாது.

மேலூர்க்காரன் | வியாழன், காலை 9.00

முழுப் பலகை போட்ட கிட்டாருக்கு இது சரி. இவருடையது பிளைவுட் பலகையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அது இவ்வளவு ஆடாது. சவுண்ட் ஹோல் ஓரத்தை உற்றுப் பாருங்கள். மேலே தெரிகிற மரவரி வெட்டு முகத்திலும் அப்படியே தொடர்ந்தால் முழுப் பலகை, அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட்.

ஏழாவதுஃப்ரெட் | வியாழன், காலை 9.20

பிளைவுட் குறைவாக ஆடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கழுத்தும் ஃப்ரெட்போர்டும் பெரும்பாலான கிட்டார்களில் முழு மரம்தான். நான் பார்த்த பிளைவுட் கிட்டார்களும் கோடையில் இறங்கத்தான் செய்தன. முழுப் பலகை வைத்திருப்பவர்கள் மேலூர் அண்ணன் சொன்ன இரண்டு சேடில் யோசனையை நிரந்தரமாகவே வைத்துக்கொள்ளலாம்: மழைக்குச் சற்றுக் குட்டையானது, வெயிலுக்குச் சற்று உயரமானது. ஸ்ட்ரிங் மாற்றும்போது சேடிலையும் மாற்றிவிடலாம்.

எந்தக் கிட்டாரானாலும் வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்காதீர்கள். சூட்டில் பசை இளகிப் பிரிட்ஜ் கிளம்பிவிடும்.

தல்லாகுளம்_புதுசு | வியாழன், மாலை 5.40

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மாமா கொடுத்த நைலான் கிட்டார் என்னிடம் இருக்கிறது. ட்ரஸ் ராடே காணோம். இதே அளவுகள்தானா?

வீணைவீட்டுப்பெண் | வியாழன், இரவு 7.30

இல்லை தம்பி. நைலானுக்கு 12ஆவது ஃப்ரெட்டில் ஆறாவது சுமார் 4 மி.மீ., முதலாவது 3 மி.மீ. இருப்பதே முறை. நைலான் நரம்பு அகலமாக ஆடும், அதற்கு இடம் வேண்டும். கிளாசிக்கல் கிட்டார்களில் பெரும்பாலும் ராட் இருக்காது, இழுவை குறைவு என்பதால் தேவையும் இல்லை. ஸ்டீல் கிட்டார் செய்கிற மார்ட்டின் கம்பெனியே 1985 வரை திருகும் ராட் வைக்கவில்லை. சேடில், நட் வேலை இரண்டும் இதே முறைதான். உயரம் குறையும் என்று நினைத்து அதில் ஸ்டீல் ஸ்ட்ரிங் மட்டும் போட்டுவிடாதீர்கள், பிரிட்ஜைப் பிய்த்துவிடும்.

பழங்காநத்தத்தான் | அடுத்த திங்கள், இரவு 9.30

வேலை முடிந்தது. சவுண்ட் ஹோல் ஓரத்தில் அடுக்கு தெரிகிறது, பிளைவுட்தான். 11 செட் போட்டேன். வளைவு 0.2க்கு வந்ததும் நிறுத்தினேன். நட்டின் அடியில் 0.3 தேய்த்தேன், 240 தாளில் இன்னும் கொஞ்சம். எலும்புச் சேடிலைப் பழையதைவிட 0.8 குறைவாக அடுப்பு மேடையில் தேய்த்து முடித்தேன். இப்போது ஆறாவது 2.8, முதலாவது 2.1. மகள் எஃப் பிடித்தாள். ஆறு ஸ்ட்ரிங்கும் கேட்டது. அம்மாவைக் கூப்பிட்டு மறுபடி பிடித்துக் காட்டினாள்.

ஒரு குறை மட்டும். முதல் ஸ்ட்ரிங்கை ஒன்பதாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் மட்டும் இரைகிறது. எட்டிலும் பத்திலும் இல்லை. சேடிலை ஏற்ற வேண்டுமா?

ஏழாவதுஃப்ரெட் | அடுத்த திங்கள், இரவு 10.00

வேண்டாம் அண்ணே. ஓப்பனில் மட்டும் இரைந்தால் நட், முதல் ஐந்து ஃப்ரெட் முழுக்க இரைந்தால் வளைவு போதவில்லை, மேல் ஃப்ரெட்கள் முழுக்க இரைந்தால் சேடில். ஒரே இடத்தில் மட்டும் என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தலை தூக்கியிருக்கிறது. உங்களுக்குப் பத்தாவது. பழைய ஏடிஎம் கார்டின் நேரான விளிம்பை 9, 10, 11 மூன்றின் மேலும் முதல் ஸ்ட்ரிங் பக்கம் வைத்து ஆட்டிப் பாருங்கள். பத்தில் ஊன்றி இரண்டு பக்கமும் சாய்ந்தால் அதேதான்.

மேலூர்க்காரன் | செவ்வாய், காலை 8.10

ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு, கழுத்துக்கு அடியில் மணல் நிரப்பிய துணிப்பையை வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஃப்ரெட் முனையின் மேல் கெட்டி மரத்துண்டு ஒன்றை வைத்துச் சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். உட்கார்ந்ததும் சத்தம் மாறும், காதுக்கே தெரியும். தட்டியும் மறுபடி கிளம்பினால் ஓரத்தில் ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டு, மரத்துண்டால் அழுத்திப் பிடியுங்கள். சுற்றிலும் மரத்தில் டேப் ஒட்டிவிட்டுச் செய்யுங்கள், பசை பட்டால் கறை போகாது.

பழங்காநத்தத்தான் | செவ்வாய், இரவு 9.05

பத்தாவதேதான். கார்ட் ஆடியது. தட்டியதும் உட்கார்ந்துவிட்டது, பசை தேவைப்படவில்லை. இரைச்சல் போய்விட்டது. பழைய சேடிலை உறையில் போட்டு, இப்போதைய அளவுகளையும் தேதியையும் மேலே எழுதி கிட்டார் பையிலேயே வைத்திருக்கிறேன். ஏப்ரலில் அளந்து இங்கேயே போடுகிறேன்.